வெப்லி மார்க் 6: மடக்குனா ஆறும் வெளிய விழும்

பழைய மிலிட்டரி கைத்துப்பாக்கின்னா எல்லாரும் லூகர், மவுசர்னு தான் பேசுறாங்க, எனக்கு பர்மிங்காம்ல செஞ்ச வெப்லி ரிவால்வர் மேல தான் மனசு. பிரிட்டிஷ் ராணுவம் 1887ல இதோட மார்க் 1ஐ, அதாவது முதல் மாடல, எடுத்துகிச்சு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மாத்திட்டே வந்து 1915ல, முதல் உலகப்போர் நடுவுல, மார்க் 6 வந்துச்சு. ஆறு இன்ச் பேரல், கீழ சதுரமா முடியிற கைப்பிடி, வெயிட் ஒரு கிலோவுக்கு மேல.

இதுல அழகே காலி கேஸ, அதாவது சுட்டப்புறம் மிஞ்சற குண்டோட கூட்ட, வெளிய தள்ற விதம் தான். இடது பக்கம் கட்டைவிரல் படுற எடத்துல ஒரு லீவர், அத அமுக்கி பேரல கீழ மடக்குனா, குண்டு போடற உருளையான சிலிண்டர் நடுவுல இருந்து நட்சத்திரம் மாதிரி ஒரு தகடு எழும்பி ஆறு கேஸையும் ஒண்ணா தூக்கிப் போட்டுட்டு தானா உள்ள போய்டும். அதே போர்ல ரஷ்யாக்காரங்க வச்சிருந்த நாகன்ட் ரிவால்வர்ல ஒவ்வொரு கேஸா கம்பியால தள்ளணும், பதுங்குகுழி சேத்துல நின்னுகிட்டு இருட்டுல அத செய்யறத யோசிச்சுப் பாருங்க. நம்ம அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை காட்டோரத்து நாட்டுத் துப்பாக்கில குழாய் வாய் வழியா மருந்து கொட்டி இடிக்கறத கேட்டு வளந்தவனுக்கு இந்த மெக்கானிசம் அவ்ளோ பெரிய விஷயமா தெரியுது. ஆறு குண்டையும் ஒரே அமுக்குல போட ப்ரிடோன்னு ஒரு லோடர் கூட வித்தாங்க. பேரல் முனைல மாட்ட பிரிச்சர்ட்னு ஒரு கேப்டன், பயனெட் (குத்துற கத்தி) கூட டிசைன் பண்ணாரு.

குண்டு .455 (குறுக்களவு, இன்ச்ல), எடை கிட்டத்தட்ட 17 கிராம், பெருசு ஆனா மெதுவா போறது. போருக்கு அப்புறம் புதுசா சேர்ற ஆளுங்களுக்கு கொஞ்ச நாள்ல இத சுடக் கத்துக்குடுக்க முடியலன்னு .38க்கு மாறுனாங்க, அப்படி 1932ல வந்தது தான் என்ஃபீல்டு நம்பர் 2, வெப்லி கம்பெனியும் மார்க் 4னு தனியா ஒரு .38 செஞ்சுச்சு. இந்த .38 தான் நம்ம ஊர் போலீஸ் வரைக்கும் வந்துச்சு, தர்மபுரில போலீஸா இருந்து ரிட்டையர் ஆன எங்க பெரியப்பா இப்பவும் சொல்வாரு, "கண்ணு, அத மடக்கி விட்டாப் போதும், உள்ள குண்டு கெடக்குதா இல்லையான்னு ஒரே பார்வைல தெரிஞ்சிரும்"னு. எனக்குத் தெரிஞ்சு இந்த டிசைனுக்கு இதவிட நல்ல பாராட்டு கிடையாது. நம்ம நாட்டு ஆர்டனன்ஸ் ஃபேக்டரில லைசென்ஸ்காரங்களுக்கு செய்ற .32 ரிவால்வரும் அந்த மார்க் 4 வழில வந்தது தான், இங்க ராணுவ சைஸ் குண்டு போடற துப்பாக்கிய தனியாளுக்கு பொதுவா குடுக்க மாட்டாங்க.

மனசு கஷ்டப்படுற விஷயம் ஒண்ணு இருக்கு. ராணுவம் கழிச்சுவிட்ட மார்க் 6 நிறைய அமெரிக்காவுக்குப் போச்சு, அங்க .455 குண்டு சுலபமா கிடைக்காததால சிலிண்டரோட பின்பக்கத்த சீவி .45 ஏசிபிங்கற அமெரிக்க பிஸ்டல் குண்டு போடற மாதிரி மாத்திட்டாங்க. அந்த குண்டோட பிரஷர் இந்த பழைய இரும்பு தாங்கறதுக்கு மேல. நூறு வருஷத்து பொருள ஒருதரம் சீவிட்டா திரும்ப ஒட்டவும் முடியாது. வெளிநாட்டுல இருக்குற நம்ம ஆளுங்க யாராவது கலெக்‌ஷனுக்கு மார்க் 6 வாங்குனா மொதல்ல பேரல மடக்கி சிலிண்டர் பின்பக்கத்த பாருங்க, சீவுனதா இருந்தா அதுல ஃபேக்டரி .45 ஏசிபிய போட்டு சுடவே சுடாதீங்க.