'பாவம்' என்ற சொல்லைத் தாண்டி

தன் மனதைச் சொல்லவும் அடுத்தவர் மனதை உணரவும் வகுப்பில் பிள்ளைகளைப் பழக்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு இது. நாற்பது பேர் முன்னால் "என்னடா ஆச்சு, சொல்லு" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் "ஒண்ணுமில்ல டீச்சர்" என்றுதான் சொல்லும். அது வேண்டுமென்றே மறைப்பது அல்ல. பாதிப் பேருக்கு அதைச் சொல்ல வார்த்தையே கிடையாது. எரிச்சல், ஏக்கம், பொறாமை, ஏமாற்றம் எல்லாம் "ஒரு மாதிரி இருக்கு"க்குள் போய்விடும்.

அதனால் முதல் இரண்டு வாரம் சொல் வேலை மட்டும். நாளுக்கு ஒரு சொல், பத்து நிமிடம். அந்த உணர்வு வந்தால் உடம்பில் எங்கே தெரியும்? தொண்டை அடைக்குமா, வயிறு பிசையுமா, காது சுடுமா? தொல்காப்பியம் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று நான்கு காரணம் சொல்கிறது. முதலில் நிற்கும் இளிவு, பிறர் இகழ்வதால் வருவது. வகுப்பறை அழுகையில் முதலில் தேட வேண்டியதும் அதைத்தான்; பல நேரம் இகழ்ந்தது நாமாகவே இருக்கும்.

அடுத்தது வகுப்பில் சொல்ல ஒரு கதை. ஜூன் 12, பாசனத்துக்கு மேட்டூர் அணை திறந்தாயிற்று. வாய்க்காலில் தண்ணீர் முதலில் வரும் தலைமடைப் பையன் வீட்டில் நடவு. தண்ணீர் கடைசியில் வரும் கடைமடைப் பையன் வீட்டு நாற்றங்கால் வெடித்துக் கிடக்கிறது. இருவருக்கும் ஒரே பெஞ்ச். கடைமடையானுக்கு எப்படி இருக்கும் என்றால் வகுப்பே "பாவம் சார்" என்னும். அங்கே நிறுத்திவிடாதீர்கள். 'பாவம்' மேட்டில் நின்று பள்ளத்தைப் பார்க்கும் சொல். "அவன்கிட்ட இன்னிக்கு என்ன சொல்லக் கூடாது?" என்று கேளுங்கள். அப்போதுதான் யோசிப்பார்கள். வகுப்பில் நிஜமாகவே வயல் காய்ந்த வீட்டுப் பிள்ளை இருந்தால் அந்த வாரம் வேறு கதை.

பிறகு ஜோடிப் பேச்சு. ஒருவர் இரண்டு நிமிடம் பேச, மற்றவர் கேட்டதை மட்டும் திருப்பிச் சொல்ல வேண்டும். "சரி விடு", "நீ ஏன் அப்படிப் பண்ணுன?" இரண்டும் கூடாது. சொந்த வீட்டு விஷயத்தை முதல் மாதம் தொடவே வேண்டாம். அப்பா குடிப்பதை ஒரு பிள்ளை சொன்னால் சத்துணவு நேரத்துக்குள் அது பட்டப்பெயராகிவிடும்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று ஆசிரியர் வாக்குக் கொடுக்கவே கூடாது. அடி, தவறான தொடுகை பற்றித் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லியாக வேண்டும். பாலியல் தொல்லை என்றால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டப்படி புகார் கொடுப்பது கட்டாயம்.

இந்த வகுப்பை வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் வைக்கவே வைக்காதீர்கள். கிளறிவிட்டதோடு பிள்ளை வீட்டுக்குப் போய்விடும், திங்கள்வரை கேட்க ஆள் இருக்காது.