இட்லிப்பொடிக்குப் பதிவெண் வாங்கின கதை

வீட்டிலேயே பொடி அரைத்து விற்கப்போகிறேன் என்றதும் ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும், காசு கொடுக்காமல் காகிதம் நகராது என்றார்கள். மதுரையில் 2023-ல் பதிவு எடுத்தேன். காகித வேலை பரவாயில்லை. பாக்கெட்டில் ஒட்டும் லேபிளும் அதில் போடும் விலையும்தான் ஆளைப் படுத்தி எடுத்துவிட்டன.

முதலில் எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது உணவு விற்பவர்களுக்குப் பதிவு தரும் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால் அடிப்படைப் பதிவே போதும் என்பது அப்போதைய கணக்கு. அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம், அப்போது கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். போட்டோ, ஆதார், முகவரிச் சான்று. எங்களுடையது வாடகை வீடு, அதனால் ஒப்பந்தப் பத்திரத்தை ஏற்றினேன். இதே வேலைக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் 2,500 கேட்டார்கள். நூறு ரூபாய்க் கட்டணத்துக்கு! வீட்டில் உட்கார்ந்து நானே முடித்தேன்.

ஒருநாள் உணவுப் பாதுகாப்பு அலுவலர் நேரில் வந்தார். அத்தை பதறிப்போய்க் காபி கலக்கப் போய்விட்டார்கள். அலுவலர் பார்த்ததெல்லாம் தண்ணீர், கழிவுநீர் போகும் வழி, பருப்பு மூட்டை தரையில் கிடக்கிறதா என்பதைத்தான். "ஏம்மா, வீட்டுச் சமையலுக்கும் இதே மிக்ஸியா?" என்று கேட்டார். தனியாக வாங்கி வைத்திருந்ததைக் காட்டினேன். அப்புறம் 14 இலக்கப் பதிவெண் வந்துவிட்டது.

அடுத்தது உத்யம், சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. இதற்குக் காசே கிடையாது, ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும். அரசுத் தளம் மாதிரியே வேஷம் போட்டுப் பணம் கேட்கும் தளங்கள் உண்டு. முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

லேபிளுக்கு வருவோம். சைவம் என்று காட்டும் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், பதிவெண், பேட்ச் எண், தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், நிகர எடை, எல்லா வரியும் சேர்த்த எம்ஆர்பி, கிராமுக்கு என்ன விலை, நம் முகவரி, புகார் சொல்ல ஒரு போன் நம்பர். உள்ளங்கை அகலப் பாக்கெட்டில் இவ்வளவும்! சேர்மானங்களை எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாக எழுத வேண்டும். இதில் பெருங்காயம் ஒரு வேடிக்கை. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அதனால் உளுந்தும் மிளகாயுமாக அரைத்த இட்லிப்பொடியிலும் 'கோதுமை உள்ளது' என்று ஒவ்வாமை எச்சரிக்கை போட வேண்டியிருக்கிறது. அரிசி மாவு கலந்த பெருங்காயம் தேடிப் பிடித்தேன்.

எடை போட்டு பாக்கெட் கட்டுகிறோம் இல்லையா, அதற்குச் சட்டமுறை எடையளவுத் துறையில் தனிப் பதிவு, கட்டணம் 500 ரூபாய். தராசுக்கும் முத்திரை வேண்டும். இதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை.

எத்தனை நாள் தாங்கும் என்று எழுத எனக்குத் துணிச்சல் வர நேரமெடுத்தது. எள் போட்ட பொடி சீக்கிரம் காறிப்போகும். அதனால் ஒவ்வொரு பேட்சிலும் ஒரு பாக்கெட்டை எடுத்துவைத்து, வாரம் ஒருமுறை முகர்ந்தும் ருசித்தும் பார்த்தேன். மூன்றாம் மாதம் முடிந்தும் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் இரண்டு மாதம் என்றே போட்டிருக்கிறேன்.

விலைக் கணக்கில் பருப்பு, மிளகாய், கேஸ், பவுச், லேபிள் எல்லாம் எழுதிவிட்டு அத்தையிடம் காட்டினேன். "நீ நின்னு வறுக்குறதுக்கு என்ன போட்ட?" என்றார்கள். கூலியைச் சேர்த்ததும் 100 கிராம் 80 ரூபாய்க்கு வந்தது. பக்கத்துக் கடைக்காரர் அதில் 25 சதவீதம் தனக்கு வேண்டும், விற்காததைத் திருப்பித் தருவேன் என்றார். அந்தக் கணக்கில் எனக்குக் கூலிகூட மிஞ்சாது. சரி, கடை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வாட்ஸ்அப்பில் வியாழன் வரை ஆர்டர் எடுத்து, வெள்ளியன்று அரைத்து, சனிக்கிழமை கூரியரில் போடுகிறேன்.