ஆர்டர் டேட்டாவ வச்சு குடோன் பிளானிங் ப்ராஜெக்ட்: நான் பண்ண தப்பும் அப்புறம் கத்துக்கிட்டதும்

எம்பிஏ ஆபரேஷன்ஸ் கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட் பண்ணப் போறவங்க, குடோன்ல வேலை பாத்துக்கிட்டே சப்ளை செயின் பரீட்சைக்குப் படிக்கிறவங்க, ரெண்டு பேருக்கும் உதவும்னுதான் இத எழுதுறேன். நான் ஒரகடம் பக்கம் ஒரு டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் குடோன்ல டிஸ்பாட்ச் பாத்துக்கிட்டே கரஸ்ல படிச்சேன். ப்ராஜெக்ட்டுக்கு வெளிய எங்கயும் அலைய வேண்டாம், கைல இருக்கற ஆர்டர் டேட்டாவ வச்சே எந்த சரக்க எங்க வைக்கணும், பிக்கிங்குக்கு, அதாவது ஆர்டர்ல கேட்ட சரக்க ரேக்ல இருந்து எடுக்கற வேலைக்கு, எத்தனை ஆள் வேணும்னு சொல்லிடலாம்னு நெனச்சு எடுத்தேன், முதல் ரிவ்யூலயே திருப்பி அனுப்பிட்டாங்க. அந்தத் தப்புல இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா எனக்கு அப்புறம் பண்ண ஜூனியர்ஸ் ரிப்போர்ட்லயும் அதையேதான் பாக்கறேன்.

நான் பண்ணது வழக்கமான ஏபிசி அனாலிசிஸ். ஒவ்வொரு பார்ட்டும் வருஷத்துக்கு எத்தனை ரூபாய்க்குப் போகுதுன்னு வரிசை போட்டு, மேல இருக்கறது ஏ, நடுவுல பி, மீதி சி. ஏ ஐட்டம் எல்லாம் பேக்கிங் டேபிள் பக்கத்துல, சி எல்லாம் பின்னாடி. இதுல சிலிண்டர் கிட்டும் ஷாக் அப்சார்பரும் முன்னாடி வந்துருச்சு, விலை கம்மியான கிளட்ச் கேபிள், ஸ்பார்க் பிளக், பல்பு எல்லாம் கடைசிக்குப் போயிருச்சு. கைடு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "அந்தக் கேபிள எடுக்க ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஆள் போறாங்க?" என்கிட்ட பதில் இல்ல.

மறுநாள் அந்த வரிசைலயே போய் நின்னு பாத்தேன். கேபிள் ஏற்கனவே கடைசி ரேக்ல மேல்தட்டுலதான் இருந்துச்சு. எடுக்கற பையன் ஏணிய தள்ளிக்கிட்டு வந்து, சக்கரத்துக்கு லாக் போட்டு, ஏறி, கட்டுல இருந்து ரெண்டு கேபிள உருவி, மீதிய மறுபடி ரப்பர் பேண்ட் போட்டு வச்சுட்டு, இறங்கி, ஏணிய ஓரமா தள்ளிவிட்டுட்டு போறான். மதிய சாப்பாட்டுக்குள்ள பதினாலு தடவை எண்ணினேன். சிலிண்டர் கிட் பக்கம் அதே நேரத்துல ரெண்டு தடவைதான் ஆள் வந்துச்சு. ரூபாய் வச்சு போடற ஏபிசி பர்ச்சேஸுக்கும் ஸ்டாக் கவுண்ட்டுக்கும் சரி, பிக்கிங்குக்கு அது ஆகாது, அங்க விலைக்கு மதிப்பே கிடையாது, கை எத்தனை தடவை போகுதுங்கறதுதான் கணக்கு. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுச்சுன்னா மீதி ப்ராஜெக்ட் தானா வரும்.

கை போற கணக்குக்கு பேரு லைன். ஒரு கடைக்காரர் பிரேக் ஷூ 10, பல்பு 50, கேபிள் 2 கேட்டா அது ஒரு ஆர்டர், மூணு லைன், 62 பீஸ். ஆள் நடக்கறது லைனுக்காக, பேப்பர் வேலை ஆர்டருக்காக, ரேக்ல இடம் அடைக்கறது பீஸோட கன அளவுக்காக. மூணையும் கலந்து "வால்யூம் அதிகம்"னு எழுதினீங்கன்னா வைவால (வாய்மொழித் தேர்வுல) கண்டிப்பா நிறுத்துவாங்க.

டேட்டா எடுக்கும்போது எக்ஸெல்ல ரொம்ப ஜாக்கிரதையா இருங்க. பார்ட் நம்பர் சைபர்ல ஆரம்பிச்சா அந்த சைபர தின்னுடும், நம்பர் நடுவுல இங்கிலீஷ் ஈ எழுத்து ஒண்ணு இருந்தா அத பெரிய எண்ணா மாத்திடும், சிலத தேதியா மாத்திடும், அதனால டபுள் கிளிக் பண்ணி ஃபைல தொறக்காம இம்போர்ட் வழியா போய் பார்ட் நம்பர் இருக்கற நெடுவரிசைய டெக்ஸ்ட்னு குடுத்துட்டு உள்ள எடுங்க. ஒரு ஷீட்ல 10,48,576 வரிக்கு மேல நிக்காது, ஒரு வருஷ லைன் டேட்டான்னா பிரிச்சு எடுக்க வேண்டி வரலாம். ரிட்டர்ன் லைன் மைனஸ்ல வரும், அத தனியா எடுத்து வைங்க. முக்கியமா இன்வாய்ஸ் தேதி வேற ஆர்டர் வந்த தேதி நேரம் வேற, ஆள் கணக்குக்கு ரெண்டாவதுதான் வேணும். ஸ்டாக் இல்லாம கேன்சல் ஆன லைனையும் அழிச்சுடாதீங்க, கடைக்காரர் கேட்டது நிஜம்தானே. சில பார்ட் பாக்ஸ் கணக்குல இருக்கும் சிலது பீஸ் கணக்குல இருக்கும், எல்லாத்தையும் ஒரே யூனிட்டுக்கு கொண்டு வரதுக்கே எனக்கு பத்து நாள் ஆச்சு. சலிச்சுக்காம பண்ணுங்க, இங்க விட்டா பின்னாடி எல்லாமே தப்பாகும். முடிஞ்சா 12 மாசம் எடுங்க, மூணு மாச டேட்டா மட்டும் எடுத்தா ஆயுத பூஜை தீபாவளியோ மழை சீசனோ விட்டுப்போயிடலாம்.

அப்புறம் பிவட் டேபிள், அதாவது எக்ஸெல்ல டேட்டாவ வகை வாரியா கூட்டி சுருக்கிக் காட்டற அட்டவணை. ஒரு பார்ட்டுக்கு எத்தனை லைன், ஒரு ஆர்டருக்கு எத்தனை லைன், ஒரு லைனுக்கு எத்தனை பீஸ், மணி வாரியா கிழமை வாரியா எத்தனை லைன். இதுல ஆர்டருக்கு எத்தனை லைன்ங்கறதுல சராசரிய மட்டும் எழுதிட்டு போயிடாதீங்க. எங்க டேட்டால சராசரி எட்டுன்னு வந்துச்சு, ஆனா விரிச்சு பாத்தா எட்டு லைன் ஆர்டரே அபூர்வம், கிட்டத்தட்ட பத்துல ஒன்பது ஒண்ணு ரெண்டு லைன்தான், மெக்கானிக் கடைல வண்டிய பிரிச்சு போட்டுட்டு அவசரமா கேட்டது, மீதி பெரிய டீலர்ங்க மொத்தமா போடறது, அறுபது எழுபது லைன். ரெண்டுக்கும் ஒரே மாதிரி பிக்கிங் பண்ணா ரெண்டுமே கெடும். ஒத்த லைன் ஆர்டர எல்லாம் சேத்து ஒரே சுத்துல எடுத்து டேபிள்ல வந்து பிரிக்கலாம், பெரிய ஆர்டருக்கு ஒரு ஆள் ஒரு ட்ராலின்னு தனியா விடலாம்.

இப்ப எங்க வைக்கறதுங்கறது. சும்மா லைன் எண்ணிக்கைய மட்டும் வச்சு முன்னாடி நிரப்பினா இடம் பத்தாது, ஏன்னா சைலன்சரும் மட்கார்டும் ஒவ்வொண்ணும் ஒரு தட்டையே அடைக்கும். இதுக்கு 1963ல ஹெஸ்கெட் சொன்ன ஒரு கணக்கு இருக்கு, அந்த பார்ட்டுக்கு வேண்டிய இடத்த அதுக்காக போற நடை எண்ணிக்கையால வகுக்கணும், விடை சின்னதா வந்தா டேபிள் பக்கத்துல, பெருசா வந்தா தூரத்துல. ஸ்பார்க் பிளக்குக்கு கையகல டப்பா போதும், நாள் முழுக்க ஆள் போகும், அது முதல் ரேக்குக்கு வந்துரும், அதுவும் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவுல இருக்கற தட்டுக்கு. சைலன்சர் பின்னாடியே இருக்கலாம்.

எவ்வளவு இடம் குடுக்கறதுங்கறது அடுத்த கேள்வி. இது பரீட்சைலயும் கேக்க வாய்ப்புள்ள இடம்ங்கறதால கணக்கோடயே சொல்றேன். பிக்கிங் ரேக்ல 10 கன அடி இருக்கு, ரெண்டு பார்ட், ஒண்ணு மாசம் 160 கன அடி போகுது, இன்னொண்ணு 10 கன அடி. சரிசமமா அஞ்சு அஞ்சு குடுத்தா பின்னாடி ஸ்டாக்ல இருந்து கொண்டு வந்து நிரப்பற வேலை 32 தடவை பிளஸ் 2 தடவை, மொத்தம் 34. சரி, போற அளவுக்கு ஏத்த விகிதத்துல பிரிச்சு குடுத்தா குறையும்னு தோணும், எனக்கும் அப்படித்தான் தோணுச்சு, ஆனா போட்டு பாருங்க, ரெண்டுக்கும் 17 தடவை, அதே 34. வர்க்கமூலம் எடுத்து பிரிச்சா, அதாவது 160க்கும் 10க்கும் விகிதம் 16, அதோட வர்க்கமூலம் 4, அதனால 8 கன அடி 2 கன அடின்னு குடுத்தா 20 பிளஸ் 5, மொத்தம் 25. ஒரு ரேக் கூட வாங்காம நிரப்பற வேலை கால் பங்குக்கு மேல குறையுது. இத என் கையால போட்டு பாத்த அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல, அவ்வளவு சந்தோஷம்.

பின்னாடி இருக்கற ரிசர்வ் ஸ்டாக்குக்கு வேற கணக்கு. ஒவ்வொரு பார்ட்டுக்கும் நிரந்தர இடம் ஒதுக்கினா ஒவ்வொண்ணோட உச்சபட்ச ஸ்டாக்கையும் கூட்டின அளவு இடம் வேணும், காலியான இடத்துல எத வேணா வைக்கலாம்னா மொத்த ஸ்டாக்கோட உச்சம் மட்டும் போதும், எல்லா பார்ட்டும் ஒரே நாள்ல உச்சத்துக்கு வராதுங்கறதால இது எப்பவும் கம்மி. ஆனா ஸ்கேனர் வச்சு எது எங்க இருக்குன்னு சிஸ்டம்ல ஏத்துற பழக்கம் இருந்தாதான் இத பரிந்துரை பண்ணுங்க, இல்லன்னா சரக்கு தேடறதுலயே பொழுது போயிரும்.

ஆள் கணக்குக்கு வரேன். முதல்ல போன்ல ஸ்டாப்வாட்ச் வச்சு நேரம் எடுங்க, எடுக்கறதுக்கு முன்னாடி எதுக்காக எடுக்கறோம்னு பிக்கிங் பசங்ககிட்ட தெளிவா சொல்லிடுங்க, வேகமா வேலை வாங்கறதுக்கு இல்ல, நடைய குறைக்கறதுக்குன்னு. சொல்லாம எடுத்தா பாவம் அவங்க பயந்துட்டு ஓடுவாங்க, உங்க நேரமும் தப்பா வரும். நடை, தேடல், எடுக்கறது, ஸ்கேன் எல்லாத்தையும் தனித்தனியா எழுதுங்க. சாதாரண பிக்கிங்ல பாதி நேரம் நடைக்கே போகுதுன்னு பாடத்துல வரும், எங்க இடத்துலயும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்துச்சு.

உதாரணத்துக்கு ஒரு லைனுக்கு 45 செகண்ட், ஒரு ஆர்டர் ஆரம்பிச்சு முடிக்கற வேலைக்கு 120 செகண்ட்னு வைங்க. சாதாரண நாள்ல 2,400 லைன், 300 ஆர்டர்னா 1,08,000 பிளஸ் 36,000 செகண்ட், சரியா 40 மணி நேர வேலை. எட்டு மணி நேர ஷிஃப்ட்ல சாப்பாடு, டீ, அங்க இங்க நிக்கறது போக ஆறரை மணி நேரம்தான் கைல கிடைக்கும், ஆக ஏழு பேர். மாசக் கடைசில 4,200 லைன், 450 ஆர்டர் வந்தா 67.5 மணி நேரம், பதினோரு பேர். இங்கதான் நிறைய பேர் சராசரிய எடுத்து எட்டோ ஒன்பதோன்னு எழுதி முடிச்சுடறாங்க, அந்த எண்ணிக்கை சாதாரண நாளுக்கும் அதிகம், மாசக் கடைசிக்கும் பத்தாது. தினசரி லைன வரிசைப்படுத்தி, பத்துல எட்டு நாளைக்கு போதுமான ஆள பர்மனென்ட்டா வச்சுட்டு, மீதி நாளுக்கு ஓவர்டைமா இல்ல மத்த செக்ஷன்ல இருந்து ஆளா எதுன்னு தனியா எழுதுங்க.

நாள் கணக்கு மட்டும் போதாது, மணிய பாருங்க. கடைக்காரங்க காலைல வியாபாரத்த பாத்துட்டு மதியத்துக்கு மேலதான் ஆர்டர் போடுவாங்க. 80 சதம் வேலை மூணு மணிக்கு மேல வந்து லாரி ஏழு மணிக்கு கிளம்பணும்னா, 32 மணி நேர வேலைய நாலு மணி நேரத்துல முடிக்கணும், டீக்கு கூட போகாம எட்டு பேர் வேணும். நாள் கணக்கு ஏழு பேர் போதும்னு சொல்லுது, லாரிக்கு எட்டு பேரும் பத்தாது, ஆனா காலைல அவ்வளவு பேருக்கு பிக்கிங்கே கிடையாது. எங்க இடத்துல நாலு பேர காலைல வரவச்சு ரேக் நிரப்பறது, வந்த சரக்க அடுக்கறது, ஸ்டாக் கவுண்ட் எல்லாம் முடிச்சு, மீதி பேர பதினொரு மணிக்கு மேல வரச் சொன்னோம். சாயந்திரம் எல்லாரும் பிக்கிங்ல இருந்தாங்க.

டேட்டால தெரியாதது ஒண்ணு சொல்லியாகணும். எந்தெந்த பார்ட் ஒண்ணா ஆர்டர்ல வருதுன்னு பாத்து, ரெண்டு மாடலோட பிரேக் ஷூவ பக்கத்து பக்கத்துல வைக்கச் சொல்லி பிளான் போட்டிருந்தேன். பிக்கிங்ல பதினஞ்சு வருஷமா இருக்கற அண்ணன் ஒருத்தர் பிளான பாத்துட்டு, "தம்பி, ரெண்டும் ஒரே சைஸ் டப்பா, ஒரே கலரு, ஸ்டிக்கர்ல கடைசி ரெண்டு நம்பர்தான் வித்தியாசம், சாயந்திர அவசரத்துல யாரு படிச்சு பாப்பா"ன்னு கேட்டார். பழைய ரிட்டர்ன் லைன எடுத்து பாத்தேன், மாறிப்போய் திரும்பி வந்ததுல அந்த ஜோடிதான் மேல இருந்துச்சு. ரெண்டையும் வேற வேற ரேக்குக்கு மாத்தி, அதையே ரிப்போர்ட்ல தனி அத்தியாயமா எழுதினேன். ரிட்டர்ன் டேட்டாவ தனியா எடுத்து வைங்கன்னு சொன்னது இதுக்குத்தான்.

இதே விஷயங்க அடுத்த வருஷம் நான் எழுதின சிஎல்டிடி (லாஜிஸ்டிக்ஸ், போக்குவரத்து, விநியோகத்துக்கான சர்டிஃபிகேட்) பரீட்சைலயும் கை குடுத்துச்சு. அதுல மூன்றரை மணி நேரத்துல 150 கேள்வி, ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிஷத்துக்கு கொஞ்சம் கம்மி, அதனால பேச் பிக்கிங் (பல ஆர்டர ஒரே சுத்துல எடுக்கறது), ஸோன் பிக்கிங் (ஒரு ஆளுக்கு ஒரு பகுதி), வேவ் பிக்கிங் (நேரத்துக்கு ஏத்த மாதிரி ஆர்டர கூட்டம் கூட்டமா விடறது) வித்தியாசத்த மனப்பாடம் பண்ணாம உங்க குடோன்ல எந்த ஆர்டருக்கு எது பொருந்தும்னு யோசிச்சு படிங்க, படிச்ச உடனே பதில் பிடிபடும்.

வைவால வெளிய இருந்து வந்த எக்ஸாமினர் கேட்டது, "எல்லா பார்ட்டையும் மாத்தி வைக்க சொல்றீங்களா?" இல்லன்னு சொல்லிட்டு ஒரு பக்கத்த காட்டினேன். ஒரு பார்ட்ட இடம் மாத்தி, லேபிள் ஒட்டி, சிஸ்டம்ல திருத்த 20 நிமிஷம், அதாவது 1,200 செகண்ட். முன்னாடி வந்தா லைனுக்கு 25 செகண்ட் மிச்சம். நாளைக்கு ஆறு லைன் போற பார்ட்டுன்னா எட்டே நாள்ல போட்ட நேரம் திரும்ப வந்துரும். நாலு நாளைக்கு ஒரு லைன் போறதுன்னா 192 நாள் ஆகும், அதுக்குள்ள சீசனே மாறிடும், அத அப்படியே விட்டுடலாம். இந்தக் கணக்க ஒவ்வொரு பார்ட்டுக்கும் போட்டு, ஒரு மாசத்துக்குள்ள திரும்ப வரதுக்கு மட்டும் டிக் போட்டிருந்தேன். அவர் அந்த லிஸ்ட்ட விரல் வச்சு படிச்சுட்டு வந்து கிளட்ச் கேபிள்ல நிறுத்தி, இது இப்ப எங்க இருக்குன்னு கேட்டார். முதல் ரேக், மூணாவது தட்டு, ஏணி வேண்டாம் சார்னு சொன்னேன்.