சாதா எக்ஸ்பல்ஸில் ப்ரோ ஃபோர்க்

ஜூன் 14, 2025, சனி

என் பைக்குக்கு மாட்டப்போகும் ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஷாக் கால்கள், வீட்டுக்கு வந்துவிட்டது. நண்பனின் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி ப்ரோ பைக் விழுந்ததில் பின்பக்கச் சட்டம் வளைந்துபோனது. சரி பண்ணுவதற்குப் பதில் பிரித்துக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறான். என்னுடையது சாதா 4வி. இரண்டிலும் ஃபோர்க்கின் குரோம் குழாயான ராடு 37 மி.மீ. தடிமன். வெர்னியர் வைத்து மேலேயும் கீழேயும் அளந்து உறுதி செய்துகொண்டேன். ஆகவே ராடுகளை ஹேண்டிலுக்குக் கீழே கவ்விப் பிடிக்கும் டி-யைத் தொட வேண்டாம். வேறு கம்பெனி ஃபோர்க்காக இருந்தால் ஸ்டெம் (டி திரும்பும் தண்டு), கோன்செட் (அதன் பேரிங்), ஸ்பிண்டில் (சக்கர அச்சு), பிரேக் காலிப்பர் பிடிமானம் என்று ஒவ்வொன்றுக்கும் லேத் பட்டறைக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கும்.

சாதா வண்டியின் முன் ஃபோர்க் 190 மி.மீ. அமுங்கும். ப்ரோவில் அது 250. பள்ளமும் மேடுமான சாலைக்கும் மலைப்பாதைக்கும் 190 தாராளம். மண் ட்ராக்கில் குதித்து இறங்கும்போதுதான் அடிவரை போய் முட்டுகிறது.

"முன்னாடி மட்டும் மாத்துடா, பின்னாடி அப்புறம் பாத்துக்கலாம்" என்றான் நண்பன். எனக்கு அதில் உடன்பாடில்லை. வண்டியின் வீல்பேஸ், அதாவது இரண்டு சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம், 1410 மி.மீ. முன்பக்கம் மட்டும் 5 செ.மீ.க்கு மேல் உயர்ந்தால் மொத்தச் சட்டமும் ஏறக்குறைய 2 டிகிரி பின்னால் சாயும். ஃபோர்க் அந்த அளவுக்கு முன்னே நீட்டிக்கொள்ளும், டிரெயில், அதாவது ஹேண்டில் திரும்பும் அச்சு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடும். நேராகப் போகும்போது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் இறுக்கமான வளைவில் முன் சக்கரம் மண்ணைப் பிடிக்காமல் வெளியே தள்ளிக்கொண்டு போகும். கம்பெனியே ப்ரோவில் முன்னால் 250, பின்னால் 220 என்று ஜோடியாகத்தான் கொடுத்திருக்கிறது. சாதாவில் பின்னால் 170. பின் ஷாக்கையும் சேர்த்துக் கொடு என்று கேட்டு வாங்கிவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

விழுந்த வண்டியின் ஃபோர்க் என்பதால் வளைவு பார்க்காமல் மாட்டக்கூடாது. மெக்கானிக் அண்ணன் தெரிந்த லேத் பட்டறைக்குக் கூட்டிப்போனார். வி வடிவப் பள்ளமுள்ள இரண்டு கட்டைகள் மேல் ராடைப் படுக்க வைத்து, நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை நடுவில் தொடவிட்டு, கையால் மெதுவாக உருட்டினார். நான் ராடையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கண்ண நம்பாதீங்க தம்பி, முள்ளப் பாருங்க."

முள் அசைந்ததே தெரியவில்லை. இரண்டாவது ராடும் அப்படியே. அப்புறம் கட்டைவிரல் நகத்தைக் குரோம் மேல் மேலிருந்து கீழாக இழுத்தார். ஓரிடத்தில் நகம் லேசாக மாட்டியது. கல் பட்ட சின்னப் பொட்டு, கடுகில் பாதிகூட இருக்காது. புது ஆயில் சீலைக் கிழிக்க அது போதும். நைஸ் வாட்டர் பேப்பரில் எண்ணெய் தொட்டு, அந்த விளிம்பை மட்டும் நகம் வழுக்கும்வரை தேய்த்தார். குரோமைச் சுற்றிலும் தேய்த்துக் கெடுக்காமல் அந்த இடத்தோடு நிறுத்தியதற்கே அவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

ஆயிலும் சீலும். பழைய ஆயில் சாம்பல் நிறத்தில் வந்தது. ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுக்க அமுக்கி வைத்து, வாயிலிருந்து ஆயில் மட்டம் வரை ஸ்கேலால் அளந்து ஊற்றினோம். ஆயிலுக்கு மேலே அடைபடும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். இடம் குறையக் குறையக் கடைசி நேர அமுக்கம் கடினமாகும். இரண்டு காலிலும் மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

காலையிலிருந்தே சாரல். ஷெட்டுக்குள் வேலை.

எக்ஸ்பல்ஸுக்கு சென்டர் ஸ்டாண்ட் கிடையாது. எஞ்சின் அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, காலிப்பர் ஹோஸில் தொங்காதபடி கம்பியால் கட்டிவிட்டு, டி போல்ட்டுகளைத் தளர்த்தினோம். பழைய ஃபோர்க் முறுக்கி இழுத்ததும் வந்துவிட்டது. அந்தச் சாக்கில் கோன்செட்டுக்கும் கிரீஸ் வைத்தாயிற்று.

புது ஃபோர்க் உள்ளே போனதும் முன் பிரேக் ஹோஸ்தான் பிரச்சினை. சக்கரம் தரையில் இருக்கும்போது சரியாகத்தான் தெரிந்தது. ஜாக்கியில் தூக்கி, ஃபோர்க் முழுக்க நீண்டு தொங்கிய நிலையில் ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பியபோது விறைத்துக்கொண்டு நின்றது. குதிக்கும்போது ஃபோர்க் இருக்கும் நிலை அதுதான். ப்ரோவின் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் நண்பனிடமிருந்தே வாங்கி மாட்டி, பிரேக்கில் ஏர் எடுத்தோம். ஸ்பிண்டிலைக் கடைசியாக இறுக்குவதற்கு முன் ஃபோர்க்கை நாலைந்து தடவை அமுக்கி விட்டார் அண்ணன். இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று நேராக உட்கார்ந்துவிட வேண்டுமாம், இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல ஆயில் ஊற்றினாலும் இழுத்துப் பிடிக்கும்.

பின் ஷாக், நீளமான சைடு ஸ்டாண்ட், செயின் தளர்வு எல்லாம் மதியத்துக்குள் முடிந்தது. ப்ரோவின் சீட் உயரம் 891 மி.மீ., சாதாவில் 825. எனக்கு இனி ஒரு கால் நுனிதான் தரையில் படும்.

ஜூன் 29, ஞாயிறு

வண்டியைக் குட்டியானையில் ஏற்றித்தான் ட்ராக்குக்குக் கொண்டுபோனேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 கம்பெனி அளவிலிருந்து மாற்றுவதை அனுமதிப்பதில்லை. இந்த வண்டி இனி மண்ணுக்கு மட்டும்.

முதலில் உட்காரும் அளவு. நான் ஏறி நின்றால் ஃபோர்க் தன் 250-ல் மூன்றில் ஒரு பங்கு போல அமுங்க வேண்டும். ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் ப்ரீலோடைத் திருகி அந்த அளவுக்குக் கொண்டுவந்தோம். வரிசையான மேடுகளில் முதல் இரண்டு வழுக்கிக்கொண்டு போனது, மூன்றாவதில் ஹேண்டில் உதைத்தது. ஃபோர்க் திரும்பி நீள்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. நீளும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்டை இரண்டு கிளிக் தளர்த்தியதும் சீரானது. குதித்து இறங்கியதில் எங்கும் முட்டவில்லை. வளைவில் முன் சக்கரம் சொன்ன இடத்துக்குப் போகிறது, பின் ஷாக்கைச் சேர்த்து வாங்கியதற்கு இது ஒன்றே போதும்.

அண்ணன் சீல் விளிம்பில் விரல் வைத்துப் பார்த்தார். கசிவு இல்லை. அடுத்த வாரம் அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரஷனை மட்டும் கொஞ்சம் மாற்றிப் பார்க்கப் போகிறோம்.