கோட்டைகளும் பழைய சாலைகளும்: ரோடு பைக்குக்கு ஒரு நாள் கணக்கு

கிராமப்புறச் சாலைகளில் பழைய கோட்டைகளையும் கோயில்களையும் பார்த்துக்கொண்டே ரோடு பைக்கில், அதாவது மெல்லிய டயருள்ள சாலைச் சைக்கிளில், போகத் திட்டமிடும்போது பலர் தூரத்தை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள். 80 கிலோமீட்டர், மணிக்கு 22 கிலோமீட்டர் வேகம், மூன்று மணி நாற்பது நிமிடம், வேலை முடிந்தது. இந்தக் கணக்கு முதல் கோட்டை வாசலிலேயே தவறிப்போகும். இப்படிப்பட்ட நாளில் நேரத்தையும் கால்களையும் தின்பவை நிறுத்தங்கள்தான். பாதை, டயர், காலணி, பூட்டு எல்லாவற்றையும் நிறுத்தங்களை மனதில் வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள். மூன்று இடங்கள், ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம் என்றால் இரண்டே கால் மணி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் சைக்கிளைப் பூட்ட இடம் தேடுவது, விளக்கையும் ஜி.பி.எஸ். கருவியையும் கழற்றுவது, திரும்பி வந்து மாட்டுவது என்று பத்து நிமிடம், ஆக அரை மணி. தண்ணீர் நிரப்ப, சாப்பிட 20 நிமிடம். ஒரு பஞ்சருக்காக 20 நிமிடம் கையிருப்பு. மிதிக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஏழு மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. உள்ளே போய்ப் பார்க்கும் இடங்கள் ஒரு நாளில் மூன்றுக்கு மேல் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். மற்றவற்றைச் சாலையில் நின்றே பார்த்துவிட்டுக் கடக்கலாம்.

பெரிய இடத்தைத் தொடக்கத்திலும் வைக்க வேண்டாம், கடைசியிலும் வேண்டாம். தொடக்கத்தில் வைத்தால் கதவு திறக்கும்வரை காத்திருந்து, மிதிக்க ஏற்ற குளிர்ந்த நேரத்தை இழப்பீர்கள். கடைசியில் வைத்தால் களைத்த உடம்போடு, மூடும் நேரத்தைப் பார்த்துப் பார்த்து ஓட வேண்டியிருக்கும். பல இடங்களில் மூடுவதற்கு அரை மணி அல்லது ஒரு மணி நேரம் முன்பே நுழைவை நிறுத்திவிடுவார்கள். மொத்தத் தூரத்தில் 55 முதல் 65 விழுக்காடு முடிந்த இடத்தில் அது வந்தால் நல்லது. அதற்குள் வெயில் ஏறியிருக்கும். நிழலில் நடக்க அதுவே சரியான வேளை. வாரத்தில் எந்த நாள் விடுமுறை என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். உலகெங்கும் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள்தான் விடுமுறை.

அடுத்தது பாதை. வழிகாட்டும் செயலிகள் பலவும் தன்னார்வலர்கள் தொகுக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தின் தரவைத்தான் நம்பியிருக்கின்றன. அதில் பல சாலைத் துண்டுகளுக்கு மேற்பரப்பு குறிக்கப்பட்டிருக்கும். ‘அஸ்ஃபால்ட்’ என்றால் தார். ‘செட்’ என்றால் செதுக்கிய கல் பாவியது. ‘அன்ஹியூன் காபிள்ஸ்டோன்’ என்றால் செதுக்காத உருண்டைக் கல், 28 மி.மீ. அகல டயரில் அதன்மேல் போகவே வேண்டாம். வண்டித் தடங்களுக்கு கிரேடு 1 முதல் 5 வரை தரம் உண்டு, 1தான் மிக உறுதியானது. கிரேடு 2 வரை காய்ந்த நாளில் 32 மி.மீ. டயரில் சமாளிக்கலாம். மேற்பரப்பே குறிக்கப்படாத துண்டுகள்தான் ஆபத்தானவை. அங்கே செயலி ஊகித்துக்கொள்ளும். வரலாற்றுச் சின்னங்களை ஒட்டிய கடைசி இரண்டு கிலோமீட்டரில் இந்தச் சிக்கல் அதிகம் என்பதால் அந்தத் துண்டை மட்டுமாவது செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு பாதை பதிந்த ஜி.பி.எக்ஸ். கோப்பைக் கருவியில் ஏற்றுங்கள்.

நேர்வழியே நல்வழி என்றும் எண்ண வேண்டாம். வடக்கு இங்கிலாந்தில் ரோமானியர்கள் கி.பி. 122இல் கட்டத் தொடங்கிய ஹேட்ரியன் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரை ஒட்டிப் போகும் தேசிய நடைபாதை பெரும்பாலும் நடப்பவர்களுக்கு மட்டுமே. பக்கத்திலேயே பி6318 என்ற சாலை இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் படைகளை நகர்த்துவதற்காகப் போட்டது. நீண்ட தூரத்துக்குச் சுவரின் அடித்தளத்தின் மேலேயே அதை அமைத்தார்கள். நேராக இருப்பதால் கார்கள் வேகமாக வரும். மேடும் பள்ளமும் விடாமல் மாறிவரும், எதிரே வருவது மேட்டுக்குப் பின்னால் மறைந்துபோகும். சைக்கிளுக்கென்று குறிக்கப்பட்ட 72ஆம் எண் தேசியப் பாதை இதைப் பெரும்பாலும் தவிர்த்து, சிறிய ஊர்ச் சாலைகள் வழியாகச் சுற்றிப் போகிறது. அந்தச் சுற்றை மிச்சப்படுத்த ஆசைப்பட வேண்டாம். அங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்து காற்று வீசுவதால் பலரும் மேற்கிலிருந்து கிழக்கே போகிறார்கள். போய்த் திரும்பும் பயணமாக இருந்தால் எதிர்க்காற்றைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

தென் பிரான்சில் 1681இல் திறக்கப்பட்ட கனால் து மிடி கால்வாய்க் கரை இன்னொரு வகைச் சோதனை. தூலூஸ் நகரிலிருந்து முதல் 50 கிலோமீட்டர் அளவுக்குக் கரைப்பாதை வழவழப்பாக இருக்கும். அதை நம்பி 25 மி.மீ. டயரில் கிளம்பினால், பிறகு மண்ணும் மரவேர்களும் வரும் இடங்களில் மாட்டிக்கொள்வீர்கள். ரோடு பைக்கில் போகிறவர்கள் அங்கே இணையாக ஓடும் சிறு சாலைகளுக்கு மாறிவிட்டு, மதகுகளையும் பாலங்களையும் பார்க்க மட்டும் கரைக்கு வரலாம்.

டயர் 28 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். ஃபிரேமிலும் (சட்டகம்) ஃபோர்க்கிலும் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) டயருக்கு இருபுறமும் 4 மி.மீ. இடைவெளி மிஞ்சுமானால் 32 போடுங்கள். 75 கிலோ எடையுள்ளவர் 28 மி.மீ. டயருக்கு முன்னால் 65, பின்னால் 70 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் தொடங்கலாம். 32 என்றால் முன்னால் 50, பின்னால் 55. கல் பாவிய பகுதி அதிகமுள்ள நாளில் இதிலிருந்து ஐந்து, ஆறு குறைக்கலாம். டியூப் போட்டவர்கள் அதற்கும் கீழே போக வேண்டாம். கல்லின் விளிம்பு டயரை ரிம்வரை அழுத்தும்போது டியூப் நடுவில் நசுங்கி, அடுத்தடுத்து இரண்டு ஓட்டைகள் விழும். கழற்றிய டியூபில் பாம்பு கடித்த தடம்போல் இரட்டை ஓட்டை தெரிந்தால் முள்ளைத் தேட வேண்டியதில்லை, காற்றுதான் போதவில்லை. ஒற்றை ஓட்டை என்றால் புது டியூபை மாட்டும் முன் டயரின் உட்புறம் முழுக்க விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். குத்தியது உள்ளேயே இருந்தால் புது டியூபும் பத்து நிமிடத்தில் போய்விடும்.

டியூப்லெஸ் (டியூப் இல்லாத டயர்) போட்டவர்களுக்கு இந்த நசுங்கல் கவலை குறைவு. 28 முதல் 32 மி.மீ. வரையிலான டயருக்கு ஓட்டையை அடைக்கும் திரவமான சீலன்ட் 40 மி.லி. அளவில் வேண்டும். அது காய்ந்துபோகும் பொருள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்காதவர்கள் சீலன்ட் இருப்பதாக நம்பிக்கொண்டு வெறும் டயரில் ஓட்டுகிறார்கள். ஹுக்லெஸ் ரிம் (டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாதது) என்றால் 5 பார், அதாவது 72 பி.எஸ்.ஐ. என்ற வரம்பைத் தாண்டவே கூடாது. டயரும் அந்த ரிம்முக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்க வேண்டும்.

இனி கல். கல் பாவிய சாலைகளுக்குப் பெயர்போன வடக்கு பிரான்சின் பாரி-ரூபே சைக்கிள் பந்தயம் 1896இல் தொடங்கியது. அதன் பெயர்பெற்ற ஆரன்பெர்க் காட்டுப்பாதை 1968இல்தான் பந்தயத்தில் சேர்ந்தது. அந்தப் பாதையைப் பரிந்துரைத்த ஜான் ஸ்தாப்லின்ஸ்கி 1962இன் உலகச் சாம்பியன். இளமையில் அதே காட்டுக்கு அடியில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பாதையின் நீளம் இரண்டரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. பக்கத்திலேயே சுரங்கக் கோபுரங்கள் நிற்கின்றன. அந்தச் சுரங்க வட்டாரம் 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சாலை, பந்தயம், உழைப்பு மூன்றின் வரலாறும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதால், இந்த வகைப் பயணத்தில் ஆர்வமுள்ளவர் தவறவிடக் கூடாத இடம் என்றே நினைக்கிறேன்.

அப்படிப்பட்ட கல்லில் மெதுவாகப் போவதுதான் பாதுகாப்பு என்று தோன்றும். உண்மையில் வேகம் குறையக் குறையச் சக்கரம் ஒவ்வொரு இடுக்கிலும் இறங்கி ஏறும். கல் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் கூட்டிக்கொண்டு, வழக்கத்தைவிட ஒன்றிரண்டு கியர் கனமாக வைத்து, சீரான அழுத்தத்தில் மிதிக்க வேண்டும். செயின் முன்பக்கப் பெரிய பல்சக்கரத்தில் இருக்கட்டும். இழுப்பு கூடுவதால் குதித்துக் கழலும் வாய்ப்பு குறையும். எடை சீட்டில் சற்றுப் பின்னால், முழங்கை மடங்கியபடி, பிடி தளர்வாக. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தவருக்குத்தான் உள்ளங்கையில் கொப்புளம் வரும். பார்வை பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால். சாலையின் நடுமேட்டிலேயே போங்கள். ஓரங்களில் கல் புதைந்தும் பெயர்ந்தும் இருக்கும், கூர்மையான சில்லுகளும் சேறும் அங்கேதான் சேரும். ஈரக் கல்லில் திரும்பும்போது முன் பிரேக்கைத் தொடவே வேண்டாம். வேகத்தை நேர்ப்பகுதியிலேயே குறைத்துவிட்டுத் திரும்புங்கள்.

ரோமின் வியா ஆப்பியா வேறு கதை. கி.மு. 312இல் ஆப்பியஸ் கிளாடியஸ் சேகஸ் தொடங்கிய சாலை அது. 2024இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ரோமை ஒட்டிய சில பகுதிகளில் பழைய பெரிய எரிமலைக் கற்கள் இன்னும் கிடக்கின்றன. இடுக்குகள் ரோடு டயர் இறங்கும் அளவுக்கு அகலம். மேலே சொன்ன வித்தை எதுவும் அங்கே செல்லாது. இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பதே சரி. இருபுறமும் கல்லறைகள் வரிசையாக நிற்கும் சாலையை நடந்து பார்ப்பதில் நேர இழப்பு ஒன்றும் இல்லை, அதற்காகத்தானே போகிறோம்.

கல்லிலிருந்து வெளியே வந்த முதல் நிறுத்தத்தில் ஒரு நிமிடம் சைக்கிளைப் பாருங்கள். முன்சக்கரத்தை ஐந்து செ.மீ. தூக்கிக் கீழே விட்டால் கடகட சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். முதலில் தளர்வது பெரும்பாலும் தண்ணீர் பாட்டில் கூண்டின் போல்ட்டுகள், பிறகு விளக்கின் பிடி, சீட்டுப் பையின் பட்டை. 4 மற்றும் 5 மி.மீ. ஆலன் கீ உள்ள சிறு மல்டிடூல் போதும். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மில் பொதுவாக 5 நியூட்டன் மீட்டர் என்று முறுக்கு அளவைப் பொறித்திருப்பார்கள். கார்பன் பாகமென்றால் கைக்கணக்கில் முறுக்காமல் வீட்டிலேயே முறுக்கை அளக்கும் டார்க் கீயால் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

காலணியில் என் தேர்வு திட்டவட்டமானது: இரண்டு போல்ட் கிளீட் (காலணியைப் பெடலில் பூட்டும் தகடு), அடிப்பாகத்துக்குள் அமிழ்ந்திருப்பது. மூன்று போல்ட் பிளாஸ்டிக் கிளீட்டோடு கல் படிக்கட்டில் ஏறுவது வழுக்கி விழ வழி. நடக்க நடக்க அதன் முனை தேய்ந்துபோகும், தேய்ந்த கிளீட் ஏற்றத்தில் இழுத்து மிதிக்கும்போது பெடலிலிருந்து தானாகக் கழன்றுவிடும். அதைத்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால் ரப்பர் உறை போட்டுக்கொள்ளுங்கள், அல்லது மெல்லிய செருப்பு ஒன்றை முதுகுப் பையில் வையுங்கள். பழைய தரையில் கீறல் விழாமல் இருப்பதும் நம் பொறுப்பு. அதே காரணத்தால் சைக்கிளைச் சின்னத்தின் சுவரிலோ தூணிலோ சாய்க்க வேண்டாம். பெடல் முனை உரசினாலே தடம் விழும்.

பூட்டைப் பொறுத்தவரை, நுழைவாயிலில் காவலர் இருந்தால் அவர் பார்வைக்குள் நிறுத்தி, மெல்லிய கேபிள் பூட்டுப் போடலாம். யாரும் இல்லாத இடத்தில் ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள டி வடிவப் பூட்டுதான் பாதுகாப்பு. அதை ஃபிரேமின் பின் முக்கோணத்துக்குள் வருமாறு பின்சக்கரத்தோடு சேர்த்து நிலையான கம்பியில் பூட்ட வேண்டும். இரண்டு பேர் போனால் இரண்டு சைக்கிளையும் எதிரெதிராக வைத்து ஒன்றாகப் பூட்டலாம்.

உடம்புக்கு: மிதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஒரு பாட்டிலை உள்ளே எடுத்துச் செல்லுங்கள். வெயிலில் ஒரு மணி நேரம் கோட்டை ஏறியிறங்குவதில் இழக்கும் நீரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, சைக்கிளில் விட்ட பாட்டிலோ கொதித்துக் கிடக்கும். அரை மணிக்கு மேல் நின்றால் தொடை இறுகிவிடும். திரும்பி ஏறியதும் முதல் பத்து நிமிடம் இலகுவான கியரில், நிமிடத்துக்கு 85, 90 சுற்று என்று மிதியுங்கள். நீண்ட நிறுத்தத்தை ஒட்டி உடனே ஏற்றம் வராதபடி பாதையை அமையுங்கள். மலைக்கோட்டை என்றால் முன்பக்கத்தில் 34 பல் கொண்ட பல்சக்கரமும், பின்பக்கத்தில் 32 அல்லது 34 பல் வரை போகும் கேசட்டும் (பல்சக்கர அடுக்கு) வேண்டும். இறங்கும்போது வியர்த்த உடம்பில் காற்று அடிக்கும், சட்டைப்பையில் மடித்து வைக்கும் மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டை இல்லாமல் போக வேண்டாம்.

கடைசி இடத்திலிருந்து சூரியன் மறைய ஒன்றரை மணி நேரம் முன்பாவது கிளம்புங்கள். சின்னங்களுக்குள் செலவாகும் நேரம் எப்போதும் நீளும் என்பதால் பின்விளக்கு பகலிலேயே எரியட்டும், முன்விளக்கும் கையில் இருக்கட்டும். பாதையின் முக்கால் தூரத்துக்குள் ஒரு ரயில் நிலையம் இருக்கும்படி வரைந்து, அதில் சைக்கிள் ஏற்ற அனுமதி உண்டா, எந்த நேரம்வரை என்பதையும் கிளம்பும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.