காலி வண்டியின் குலுக்கல்: எங்கள் பிக்கப்பின் பின் ஸ்பிரிங்கைச் சரிசெய்த அனுபவம்

அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்துக் கழனிகளில் கத்தரிக்காயும் தக்காளியும் வாங்கி, விடிவதற்குள் வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் இறக்குவது எங்கள் குடும்பத் தொழில். இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதைக் கேட்டு வாங்குபவர்கள் கூடியிருக்கிறார்கள். ஆனாலும் காம்பு முறிந்து தோல் கன்றிய காயை எந்தக் குறியீடும் காப்பாற்றுவதில்லை. அதனால் வண்டியின் குலுக்கல் எங்களுக்கு உடம்பு வலியோடு நிற்கிற விஷயமன்று.

மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பழைய பிக்கப் அது. முழுப் பாரத்தோடு போகும்போது அதன்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. அரைப் பாரம் ஏற்றும் நாட்களிலும், காலி கிரேட்டுகளோடு திரும்பும் வழியிலும்தான் சிக்கல். ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கம் எம்பி விழும். சாலையில் போட்டிருக்கும் சிறிய தார் ஒட்டுகள்கூட இருக்கை வழியாக முதுகில் ஏறும். வாரத்தில் இரண்டு நாள் கணக்குப் பார்க்க உடன் வரும் என் தந்தையார், ஊர் வந்து சேரும்வரை மேல் கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பார்.

குலுக்கல் என்றாலே ஷாக் அப்சார்பர்தான் என்று நானாக முடிவு செய்து, பின்பக்கத்துக்கு இரண்டும் புதிதாக மாற்றினேன். 3,800 ரூபாய் செலவாயிற்று. காலி வண்டியில் கடுகளவும் மாற்றமில்லை. அடுத்து டயர் காற்றைப் பார்த்தேன். கதவோரத்தில் ஒட்டியிருந்த அட்டவணையில் பின் சக்கரத்துக்கு 65 பி.எஸ்.ஐ. என்று இருக்க, பஞ்சர் கடையில் “லோடு வண்டிதானே” என்று 80 ஏற்றி வைத்திருந்தார்கள். டயர் சூடேறுவதற்கு முன் காலையில் அளந்து 65க்குக் கொண்டுவந்தேன். சிறு ஒட்டுகளின் அதிர்வு ஓரளவு தணிந்தது. வேகத்தடையில் எம்புவது அப்படியே இருந்தது.

பிறகுதான் கொணவட்டம் பக்கம் உள்ள ஒரு ஸ்பிரிங் பட்டறைக்குப் போனேன். எங்கள் வண்டியின் பின் ஸ்பிரிங், நீளமான எஃகுப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டு. பட்டறைக்காரர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பாய். நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, வண்டிக்குக் கீழே குனிவதற்கு முன்பே தம்மிடம் வேலை பார்க்கும் இரண்டு பையன்களைப் பின் கதவின் மேல் ஏறி நிற்கச் சொன்னார். சக்கரத்தின் மையத்துக்கும் அதற்கு மேலே பாடியின் விளிம்புக்கும் இடையில் டேப்பை வைத்துப் பிடித்தார். இரண்டு பேர் ஏறியும் வண்டி 4 மில்லிமீட்டர்தான் இறங்கியது. அதைவிட வியப்பு, பையன்கள் குதித்து இறங்கிய பின்பும் அந்த 4 மில்லிமீட்டர் திரும்பி மேலே ஏறவில்லை. பாய் பாடியை ஓங்கி ஒரு தட்டுத் தட்டியதும் ‘கிரீச்’ என்று ஒரு சத்தம் வந்து, வண்டி பழைய இடத்துக்கு எழும்பியது. “பட்டை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு கெடக்குது தம்பி. ஸ்பிரிங்கே ஆடலைன்னா ஷாக்கப்சர் எதைப் போய் அடக்கும்?” என்றார். நான் செலவழித்த 3,800 ரூபாய்க்கு அந்த ஒரு கேள்வியிலேயே கணக்கு முடிந்துவிட்டது.

அந்த ஸ்பிரிங் கட்டைக் கழற்றிப் பிரித்தபோது இரண்டு காரணங்கள் வெளிப்பட்டன. முதலாவது துரு. வளையும்போது பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்க வேண்டும். எங்கள் வண்டியில் அவற்றுக்கிடையே செந்தூள் அடையாக இறுகியிருந்தது, ஒவ்வொரு பட்டையின் நுனியும் தனக்கு மேலுள்ள பட்டையில் விரல் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் பறித்திருந்தது. நுனி அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டால், சிறு மேடுகளில் மொத்தக் கட்டும் ஒரே இரும்புத் துண்டுபோல நின்றுவிடும்.

இரண்டாவது காரணம், முன்பு வண்டியை வைத்திருந்தவர் அதிகப் பாரம் ஏற்றுவதற்காகப் பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்திருந்தது. மற்றவை 8 மில்லிமீட்டர் தடிமன், சேர்த்தவை 10. இரண்டு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன். நீளமும் அகலமும் ஒன்றாக இருந்தால் பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் முப்படிக்கு ஏற்ப உயரும்; அதாவது ஒரு 10 மில்லிமீட்டர் பட்டை ஏறத்தாழ இரண்டு 8 மில்லிமீட்டர் பட்டைகளுக்குச் சமம். ஏழு பட்டைக் கட்டில் இரண்டைச் சேர்த்தவர் உண்மையில் நான்கைச் சேர்த்ததுபோல் செய்திருந்தார்.

அந்த இரண்டையும் எடுத்துவிடுவதா என்று நான் சற்றுத் தயங்கியது உண்மை. சீசன் நாட்களில் கூடுதலாக நாலு மூட்டை போடும் ஆசை எல்லாருக்கும் உண்டு. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடையைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. வண்டிக்கு எட்டு வயது முடிந்துவிட்டதால் இனி ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று ஆய்வுக்கு நிறுத்தவும் வேண்டும். எடுத்துவிடச் சொன்னேன்.

மீதமிருந்த ஏழு பட்டைகளையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நுனிகளின் கூர்மையைக் கிரைண்டரில் மழுக்கி, ஆழமாகப் பள்ளம் விழுந்த ஒரு பட்டையை மாற்றி, கிராஃபைட் கிரீஸ் தடவி அடுக்கினார்கள். பட்டையின் வளைவைக் குறைக்கிறேன் என்று கேஸ் வைத்துச் சூடேற்றும் பட்டறைகளும் உண்டு. அப்படிச் செய்தால் எஃகின் பதம் போய், பட்டை படுத்துவிடும் அல்லது முறியும். பாய் அந்தப் பேச்சுக்கே இடம் தரவில்லை. கட்டை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் பழைய யூ போல்ட்டுகளையும் திரும்பப் போடாமல் புதியவை வாங்கி வரச் சொன்னார். ஸ்பிரிங்கின் முனையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளின் ரப்பர் புஷ்களை மாற்றியபோது, வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி, அதன் எடை சக்கரத்தில் நின்ற பிறகே போல்ட்டுகளை இறுதியாக முறுக்கினார். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் எந்நேரமும் திருகிய நிலையில் இருந்து, சீக்கிரம் கிழிந்துவிடுமாம்.

பையன்கள் மறுபடியும் பின் கதவில் ஏறினார்கள். இம்முறை 15 மில்லிமீட்டர் இறங்கியது. அவர்கள் குதித்ததும் வண்டி தானாக எழும்பி நின்றது.

இத்தோடு வேலை முடிந்துவிட்டது என்று சாவியை வாங்கக் கை நீட்டினேன். பாய் தரவில்லை. பின்பக்கம் 4 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்ததால் இன்னும் இரண்டு காரியங்கள் பாக்கி இருந்தன. பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், இருக்கிறது. ஒரு கம்பி அதைப் பின் அச்சோடு இணைக்கிறது. சேசிஸ் தாழ்ந்தால் வண்டியில் பாரம் இருப்பதாகவே அந்த வால்வுக்குத் தோன்றும். காலி வண்டியிலும் பின் சக்கரத்துக்கு அதிக அழுத்தத்தை அனுப்பும், ஈரச் சாலையில் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கும். அந்தக் கம்பியின் நீளத்தைப் புதிய உயரத்துக்கு ஏற்பத் திருத்தினார்கள். பின்பக்கம் தாழ்ந்ததால் முகப்பு விளக்கின் ஒளி மேலே ஏறி எதிரே வருபவர் கண்ணில் அடித்தது, அதையும் இறக்கினார்கள். ஸ்பிரிங் வேலைக்கு மொத்தம் 5,200 ரூபாய் ஆயிற்று.

காலி வண்டி இப்போது கார்போல் ஓடுகிறது என்று சொன்னால் அது பொய். பள்ளம் பள்ளமாகத்தான் தெரிகிறது. ஆனால் வேகத்தடையில் பின்பக்கம் எம்புவதில்லை, ஒரு முறை அமுங்கி எழுந்து அடங்குகிறது. முழுப் பாரத்தில் முன்பைவிடச் சற்றுத் தாழ்வாக ஓடுகிறது, வளைவுகளில் கொஞ்சம் சாய்கிறது; வேகத்தைக் குறைத்து ஓட்டப் பழகிக்கொண்டேன். தந்தையார் இப்போது ஒரு கையால் மட்டும் கைப்பிடியைப் பிடிக்கிறார், மற்றொரு கையில் கணக்கு நோட்டு இருக்கிறது.

300 கிலோமீட்டர் ஓடியதும் பட்டறைக்குப் போய் யூ போல்ட்டுகளை மறுபடி முறுக்கிக்கொண்டேன்; எட்டு நட்டுகளில் மூன்று மட்டும் கால் சுற்று இறங்கின. ஐப்பசி மழை முடிந்ததும் துரு மறுபடி ஏறியிருக்கிறதா என்று பார்க்க, பையன்கள் இருவரையும் ஒருமுறை பின் கதவில் ஏற்றி நிறுத்தினால் போதும், கட்டைப் பிரிக்கத் தேவையில்லை என்று பாய் சொல்லியிருக்கிறார்.