மண்ணு எங்க போச்சு?

பெங்களூரு ஈஜிபுரா பக்கம் ரெண்டு பேஸ்மென்ட் தோண்டிட்டு இருந்தோம். ராத்திரி செம மழை, காலைல சைட்டுக்கு போனா காம்பவுண்டு சுவர் ஓரமா ஒரு குழி, பாக்க பக்கெட் வாய் அளவுதான். ஹிட்டாச்சி டிரைவர் ரெண்டு வாளி மண்ண போட்டு மூடிடலாம்னு வண்டிய திருப்பிட்டாரு. எங்க தருமபுரி மேஸ்திரி "ஏப்பா நில்லு, கிட்ட போகாத"ன்னு கத்திக்கிட்டே ஓடி வந்து, ஒரு பலகைய போட்டு அதுமேல படுத்து 12 எம்எம் கம்பிய குழிக்குள்ள சாய்வா விட்டாரு. ஆறடி கம்பி, எதுலயும் தட்டாம முழுசா உள்ள போயிடுச்சு. பானை மாதிரி, வாய் சின்னது வயிறு பெருசு. வண்டி ஏறியிருந்தா வண்டியும் உள்ளதான்.

பெங்களூருல சுண்ணாம்புப் பாறை கரைஞ்சு தானா குழி விழுற கதையெல்லாம் கிடையாது, கீழ இருக்கிறது கிரானைட்டும் நைஸும்னு (gneiss) கரையாத கெட்டிப் பாறை. இங்க குழி விழுந்தா பெரும்பாலும் தண்ணி மண்ண எங்கயோ இழுத்துட்டு போயிருக்குனு அர்த்தம், உடைஞ்ச பைப்போ, பழைய ராஜகாலுவேயோ (பெரிய மழைநீர் கால்வாய்), மூடின கிணறோ, பக்கத்துல யாராவது தோண்டுறதோ. 2023 ஜனவரில பிரிகேட் ரோடு கிட்ட ரோடு உள்வாங்கினப்பவும் கீழ மெட்ரோ டனல் வேலை, 2017ல சென்னை அண்ணா சாலைல பஸ்ஸும் காரும் இறங்கினப்பவும் அதேதான்.

சரி, எங்க மண்ணு எங்க போச்சு? சொல்லவே கூச்சமா இருக்கு, நாங்களேதான் வெளிய அனுப்பியிருக்கோம். ஓரத்து மண்ணு சரியாம இருக்க வரிசையா இறக்கின சோல்ஜர் பைல் தூணுக்கு நடுவுல, கடைசி ரெண்டு மீட்டருக்கு ஷாட்கிரீட் (பீச்சி அடிக்கிற கான்கிரீட்) அடிக்காம விட்டிருந்தோம், அந்த சந்துல மண்ணு ஒழுகி தண்ணி சேர்ற சம்புல விழ, பம்பு அதை நாலு நாளா வெளிய வடிகால்ல தள்ளிட்டு இருந்துச்சு. தண்ணி செவப்பா டீ மாதிரி வந்தத நானே பாத்தேன், மழைத்தண்ணிதானேன்னு விட்டுட்டேன்.

ஆனா அந்த எடத்துல மட்டும் ஏன்னு புரியல, ஏன்னா சாயில் ரிப்போர்ட்ல சோதனைக்கு துளை போட்ட மூணு போர்ஹோல்லயும் எஸ்பிடி வேல்யூ, அதாவது மண்ணு எவ்ளோ கெட்டின்னு சொல்ற நம்பர், நல்லாத்தான் இருந்துச்சு. பக்கத்து வீட்டு பாட்டிதான் மாடில துணி காயப்போட்டுக்கிட்டே "அங்க பாவி இருந்துச்சே கண்ணு, குப்பைய கொட்டி மூடுனாங்க, நாங்க தண்ணி சேந்துவோம்"னாங்க. பாவின்னா கன்னடத்துல கிணறு. மூணு போர்ஹோலுக்கும் நடுவுல கரெக்டா ஒரு கிணறு! இதுக்கு எந்த மெஷினும் வேணாம், தோண்டுறதுக்கு முன்னாடி அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும்.

அப்புறம் சுத்தி கயிறு கட்டி ஆளுங்கள தள்ளி நிறுத்தி, கீழ பைல் சந்துல ஜியோடெக்ஸ்டைல் (தண்ணிய விட்டு மண்ண பிடிக்கிற துணி) வச்சு மணல் மூட்டை அடுக்கி மண்ணு வர்றத நிறுத்தினோம். தண்ணி வரலாம், மண்ணு வரக்கூடாது. அது நின்ன பிறகுதான் மேல தளதளன்னு ஒழுகுற, சிமென்ட் கம்மியான லீன் கான்கிரீட்ட கொஞ்சம் கொஞ்சமா ஊத்தினோம், ஒரே மூச்சுல ஊத்தினா அந்த ஈர பாரமே பைல் தடுப்ப தள்ளிடும். பக்கத்து வீட்டு சுவத்துல இருந்த விரிசல்ல கண்ணாடி துண்டு ஒட்டி பத்து நாள் பாத்தோம், உடையல. கான்ட்ராக்டர் மொதல்ல "ரெண்டு லோடு எம்சாண்ட் போட்டா முடிஞ்சிடும்"னாரு. போட்டிருந்தா அதையும் பம்பு வெளிய தள்ளியிருக்கும்.

இப்ப எந்த சைட்டா இருந்தாலும் தினம் காலைல பம்பு தண்ணிய ஒரு பாட்டில்ல பிடிச்சு தேதி எழுதி ஆபீஸ் ஜன்னல்ல வைக்கிறேன், அடில மண்ணு எவ்ளோ படியுதுன்னு பாக்க. போன வாரம் கிளையன்ட் வந்து வரிசைய பாத்துட்டு "என்ன சார், கஷாயம் விக்கிறீங்களா"ன்னாரு.